மூடி உப்பிய தக்காளி பாட்டில்

ஊட்டித் தோட்டத்துத் தக்காளியை மசித்துக் கொதிக்கவிட்டு, சூடாக பாட்டிலில் ஊற்றிக் கவிழ்த்தீர்கள். பத்தே நாளில் மூடி உப்பிவிட்டது என்கிறீர்கள். ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். கவிழ்த்தால் மூடி ஒட்டலாம், உள்ளே கிருமி சாகாது.

அடுத்த முறை அரை லிட்டர் பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போடுங்கள். எலுமிச்சையை நம்பாதீர்கள், புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். வெங்காயம், பூண்டு, எண்ணெய் கூடவே கூடாது. மேலே அரை அங்குலம் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து, புது மூடி போட்டு, பாட்டிலுக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூழ்கடித்துக் கொதிக்கவிடுங்கள். சமவெளியில் 35 நிமிடம் போதும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அங்கே 50 நிமிடம். ஆறியதும் மூடி நடுவில் அழுத்தினால் 'டொக்'கென்று அசைகிறதா? மூடி சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். அந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள்.