லிங்க்டுஇனில் லோகோ மட்டும் தெரிவது ஏன்?

கேள்வி: மாங்கூழ் ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் இணையதள லிங்கை லிங்க்டுஇனில் பகிர்ந்தால் வெட்டுப்பட்ட லோகோதான் வருகிறது. படத்தை மாற்றினாலும் பழையதே தெரிகிறது. என்ன செய்வது?
- வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இவை தனித்தனிக் கோளாறுகள். பக்கத்தின் நிரலில் மேலே வரும் ஹெட் பகுதியில் 'ஓஜி இமேஜ்' (og:image) டேக், அதாவது பகிரும்போது எந்தப் படம் தெரிய வேண்டும் என்று சொல்லும் வரி இல்லையென்றால், கிடைத்த ஏதோ ஒரு படத்தை லிங்க்டுஇன் எடுத்துக்கொள்ளும். பல நேரம் சிக்குவது லோகோதான். அந்த டேக்கில் 1200க்கு 627 பிக்சல் அளவுள்ள படத்தின் முகவரியை ஹெச்டிடிபிஎஸ் தொடங்கி முழுசாகக் கொடுங்கள். பாதி முகவரி வேலை செய்யாது. கோப்பு 5 எம்பிக்குள் இருக்கட்டும்.

பழைய படம் விடாமல் வருவதற்குக் காரணம் கேஷ் (cache), அதாவது லிங்க்டுஇன் முன்பே எடுத்துச் சேமித்து வைத்திருக்கும் நகல். ஒரு வாரம்வரை அப்படியே நிற்கும். லிங்க்டுஇனின் 'போஸ்ட் இன்ஸ்பெக்டர்' பக்கத்தில் லிங்கைப் போட்டு இன்ஸ்பெக்ட் அழுத்துங்கள். புதுப் படத்தை எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே போட்ட பதிவு மாறாது, நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான்.

எந்தப் படம்? தோத்தாபுரி மாம்பழக் குவியல் அழகுதான். எல்லோரும் அதையே போடுகிறார்கள். கிருமி நீக்கிய கூழை அடைக்கும் அசெப்டிக் டிரம்கள் அடுக்கிய கிடங்கு, கொள்முதல் செய்பவருக்கு அதிகம் சொல்லும். படத்தின் மேல் நாலைந்து சொற்கள் போதும், அதுவும் நடுவில். மொபைலில் சிறு கட்டமாகச் சுருங்கும்போது ஓரத்தில் இருப்பதுதான் முதலில் போகும்.