முறிந்த வில்லும் முற்றத்து ஆர்கனும்

அன்புள்ள ஐயா,

நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகனைப் பார்க்க அமெரிக்கா வந்திருக்கிறேன். போன வாரம் நெப்ராஸ்காவில் கஸ்டர் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வழியாகக் காரில் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் மாடும்தான். குடியேறிகள் வெறும் நிலத்தில் வந்திறங்கிப் பத்தே வருடத்தில் ஒரு மாவட்டத்தையே உண்டாக்கியிருக்கிறார்கள்! அவர்களைப் படமெடுத்த சாலமன் பட்சர் படங்களில் வாத்துகளைத் தானே வரைந்து சேர்த்தாராம். ஏமாற்று வேலைதானே? நம் தாலுகாக்களுக்கு ஏன் இப்படி வரலாறு இல்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்சரின் படங்களைத்தான் இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து மாட்டியது.

முதலில் அந்த 'வெறும் நிலம்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பட்டா, புறம்போக்கு என்று நாற்பது வருடம் பார்த்தவர் இப்படி எழுதலாமா? லூப் ஆற்றுப் பக்கம் பாவ்னி பழங்குடி மக்கள் காட்டெருமை வேட்டையாடிய மண் அது. 1870களில் அவர்களைத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். 1876 ஜூனில் லகோட்டா, செயென் பழங்குடி வீரர்களிடம் தோற்று மாண்டார் அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி கஸ்டர். மறு வருடமே, 1877இல், அவர் பெயரில் இந்தக் கவுண்டி. நீங்கள் கடந்துபோன தலைமை ஊரின் பெயர் புரோக்கன் போ, அதாவது முறிந்த வில். வில்சன் ஹியூவிட் என்ற குடியேறி தபால் நிலையம் கேட்டு எழுதினார். அவர் அனுப்பிய பெயர்களெல்லாம் ஏற்கெனவே வேறு ஊருக்கு இருக்கிறது என்று திரும்பி வந்தன. கடைசியில், அங்கே பழங்குடியினர் விட்டுப்போன ஒரு முறிந்த வில் கிடைத்ததை நினைத்து அந்தப் பெயரை அனுப்பினார், நின்றுவிட்டது. வெறும் நிலத்தில் வில் எங்கிருந்து வந்தது, சொல்லுங்கள்?

தாலுகா வரலாறா? நீங்களே எழுதுங்கள். ரெக்கார்டு ரூம் சாவி உங்களிடம்தானே இருந்தது.

சரி, பட்சருக்கு வருவோம். அவரை ஏமாற்றுக்காரர் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. அவர் படமெடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி குடியேறிக்கு 160 ஏக்கர் அரசு நிலம். ஐந்து வருடம் தங்கிப் பயிரிட்டால் சொந்தம். வீடு கட்ட மரமில்லை. புல்வேரோடு மண்ணைக் கலப்பையால் பாளம் பாளமாக அறுத்து, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிச் சுவர் வைத்தார்கள். மழை நின்ற பிறகும் கூரை ஒழுகும். அந்த வீடுகளைத்தான் 1886 முதல் பட்சர் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் படமெடுத்தார். 1899இல் அவர் வீடு எரிந்தது; கண்ணாடி நெகடிவ்கள் தப்பின. 1901இல் கஸ்டர் கவுண்டி வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார். வாத்து வரைந்தார்தான், கொஞ்சம் அசட்டுத்தனமாகவே வரைந்தார். 1885இல் குடியேறிகள் ஒரு பண்ணையின் வேலியை வெட்டியதைக்கூட பிறகு ஆட்களை நிறுத்தி நடிக்க வைத்து எடுத்தார். இருக்கட்டுமே.

ஹில்டன் குடும்பத்தின் படத்தைப் பாருங்கள். அந்த வீட்டம்மாவுக்கு மண் வீட்டின் முன் நிற்க வெட்கம். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஆனால் வீட்டுக்குள் ஒரு ஆர்கன், பெரிய ஹார்மோனியம் மாதிரி ஒரு வாத்தியம், இருந்தது. அதை முற்றத்துக்கு இழுத்துவந்து வைத்து, குடும்பமே சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது. வீடு படத்தில் இல்லை. பின்னால் மாடுகள்தான்.

இதில் பொய் எது? ஆர்கன் அவர்களுடையது, முற்றமும் அவர்களுடையது. மறைத்தார்கள் என்பதால்தான் அந்த மண் சுவருக்குள் இருந்த வாழ்க்கை எனக்குத் தெரிகிறது. வெறும் சுவரை மட்டும் எடுத்திருந்தால் சுவர் மட்டும்தான் தெரிந்திருக்கும். வாத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். தண்ணீரும் பறவையுமாக இந்த இடம் ஒருநாள் செழிக்கும் என்ற ஆசையைப் படத்தில் வரைந்து வைத்திருக்கிறார் மனுஷன்.

எங்கள் வீட்டிலும் ஒரு படம் உண்டு. அக்காவைப் பெண் பார்க்க வருவதற்கு முன் ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கே வந்தார். காரை பெயர்ந்த சுவர் தெரியக்கூடாது என்று அம்மா பூப்போட்ட போர்வையைக் கட்டினாள். அடுத்த வீட்டு ரேடியோவை வாங்கிவந்து முக்காலியில் வைத்தாள். 'தொட்டுடாதேடி, அவங்க பொருள்' என்று அக்காவிடம் நாலு தடவை சொன்னாள். படத்தில் அக்காவின் கை ரேடியோவுக்கு ஒரு விரல் தள்ளி அந்தரத்தில் நிற்கிறது. போர்வையின் வலது ஓரத்தில் சுவர் கொஞ்சம் தெரிகிறது, பெயர்ந்த காரையோடு.