ராணுவ உளவுப் பிரிவில் ஒரு வேலூர்ப் பெண்: கேள்வி பதில்

ராணுவ உளவுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதிகாரியாக இருந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று, சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். நம் வட்டாரத்துக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எங்கே, எந்தப் பணியில் இருந்தேன் என்று மட்டும் கேட்க வேண்டாம். அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கட்டுப்படுத்தும்.

மேடம், உளவு என்றால் வேஷம் போட்டுக்கொண்டு எல்லை தாண்டிப் போவதா? (கல்லூரி மாணவி, காட்பாடி)

இல்லைம்மா. எதிரே எத்தனை பேர், என்ன ஆயுதம், எந்தப் பாதையில் வருவார்கள் என்று தளபதி கேட்கும் முன்பே பதில் வைத்திருப்பதுதான் எங்கள் வேலை. வான்வழிப் படங்களைப் பார்ப்பது, பிடிபட்டவர்களை விசாரிப்பது, நம் பக்கத்து ரகசியம் கசியாமல் காப்பது எல்லாம் இதில் அடங்கும். இந்தப் பிரிவு 1942 நவம்பர் 1-ல் உருவானது. பயிற்சிப் பள்ளி புனேயில் இருக்கிறது.

பல நாட்டு ராணுவங்களில் ஒரு முறை உண்டு. தகவல் தருபவரின் நம்பகத்தை ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தாலும், அவர் தந்த தகவலை 1 முதல் 6 வரை ஓர் எண்ணாலும் மதிப்பிடுவார்கள். ஆளை வைத்துத் தகவலை எடை போடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டையும் பிரித்து வைத்தார்கள். நல்லவர் தவறான செய்தி கொண்டுவரலாம். ஊரே நம்பாதவன் உண்மையைச் சொல்லலாம்.

1806 வேலூர்ப் புரட்சி வெள்ளைக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரியாமல் போனது எப்படி? (வரலாற்று ஆசிரியர், வாலாஜா)

தெரியாமல் போகவில்லை ஐயா. சொன்னவனை நம்பவில்லை. வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்த ஜூலை 10-க்குச் சில வாரங்களுக்கு முன்பே, முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய் தன் வெள்ளைக்கார அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டான். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகள் குழுவிடம் கொடுத்தார். சதியில் சேர்ந்திருந்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவனுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லிக் காவலில் வைத்துவிட்டார்கள். புரட்சி அடங்கிய பிறகுதான் கிழக்கிந்தியக் கம்பெனி அவனுக்குப் பரிசு கொடுத்தது.

புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் சிப்பாய்களை எவ்வளவு புண்படுத்தின என்பது அந்தக் கோட்டையில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. கேட்க மனமில்லாதவர்கள் மேலே உட்கார்ந்திருந்தார்கள். என் மனம் சிப்பாய்களின் பக்கம்தான். ஆனால் அவர்களும் ஒரு விஷயத்தைக் கோட்டைவிட்டார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். அன்று காலையிலேயே அங்கிருந்து கர்னல் ஜில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தது. உள்ளே வென்றவர்கள் ஆற்காட்டுச் சாலையை மறந்துவிட்டார்கள்.

கார்கிலையும் பாருங்கள். 1999 மே மாதம் பட்டாலிக் பக்கம் காணாமல் போன தன் யாக் எருமையைத் தேடிப் போன தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர்தான் ஊடுருவியவர்களைக் கண்டு ராணுவத்துக்குச் சொன்னார். இந்த முறை கேட்கக் காது இருந்தது. போருக்குப் பின், எங்கே தவறியது என்று பார்க்க, பாதுகாப்புத் துறை வல்லுநரான நம் திருச்சிக்காரர் கே. சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. 2002-ல் முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை வந்தது. இளைய அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கும்போது முஸ்தபா பெய்க்கையும் தாஷியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்வேன்.

பதினாலு வருஷத்தில் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்களே, அக்கா? (ராணிப்பேட்டை)

முன்பு அப்படித்தான். பெண்களை அதிகாரிகளாக எடுக்கும் திட்டம் 1992-ல் வந்தபோது ஐந்து ஆண்டு என்றார்கள். பிறகு பத்து, அப்புறம் பதினான்கு. அதிகாரிக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் இருபது ஆண்டு பணி வேண்டும். நடு வயதில் ஓய்வூதியம் இல்லாமல் வெளியே போன தோழிகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. 2010-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தோம். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2020 பிப்ரவரி 17-ல்தான் உச்ச நீதிமன்றம் நிரந்தரப் பணி தர வேண்டும், தலைமைப் பதவிக்கும் ஒட்டுமொத்தத் தடை கூடாது என்று தீர்ப்பளித்தது. உளவுப் பிரிவும் அதில் அடங்கும். இப்போது சேரும் பெண்ணுக்கு வழி திறந்திருக்கிறது.

ஆண் ஜவான்கள் பெண் சொல்வதைக் கேட்பார்களா? (ஆரணி)

அந்த வழக்கில் அரசுத் தரப்பும் இதைத்தான் சொன்னது. கிராமத்திலிருந்து வரும் ஜவான்கள் பெண் அதிகாரியை ஏற்கும் மனநிலையில் இல்லையாம். நானும் கிராமத்துக்காரிதான். நம்மூர் ஜவான், அம்மா சொல்லி நெல் விற்று, அக்கா சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவன். அதிகாரிக்கு வேலை தெரியுமா, தன்னைக் கைவிடாமல் நிற்பாரா என்றுதான் பார்ப்பான். முதல் சில வாரம் அளந்து பார்ப்பார்கள். அது ஆண் அதிகாரிக்கும் உண்டு.

பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பப் பயமாக இருக்கிறது. (ஒரு தாய், குடியாத்தம்)

பயம் இருக்கத்தான் செய்யும் அம்மா. என் அம்மாவுக்கும் கடைசி வரை இருந்தது. ஆனாலும் அனுப்பினார்.

எப்படிச் சேர்வது? (வேலூர், பலர்)

பட்டம் பெற்றவர்கள் சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வு எழுதலாம். தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) 'சி' சான்றிதழ் இருந்தால் அந்தத் தேர்வு இல்லாமலே நேர்முகத்துக்குப் போக வழி உண்டு. ஆகவே கல்லூரியில் முதல் ஆண்டிலேயே என்.சி.சி.யில் சேருங்கள். நேர்முகத் தேர்வு ஐந்து நாள் நடக்கும். நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் அதற்கான மையம் இருக்கிறது. தேறினால் பயிற்சி நம் சென்னை பரங்கிமலையில். முடிவில் தரவரிசை, விருப்பம், காலியிடம் மூன்றையும் பார்த்துப் பிரிவை ஒதுக்குவார்கள். உளவுப் பிரிவுதான் என்று யாரும் உறுதி தர முடியாது.

என் வீட்டுக்காரர் எல்லையில் இருக்கிறார். நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்? (கம்மவான்பேட்டை)

இதைக் கேட்டதற்கு நன்றிம்மா. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர் உங்களுடையது. அவர் யூனிட் பெயர், இடம், எந்த ரயிலில் எப்போது புறப்படுகிறார் என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். சீருடைப் படமும் வேண்டாம். தெரியாத பெண்ணோ ஆணோ பேஸ்புக்கில் நட்பு கேட்டு, மெதுவாக அவர் வேலையைப் பற்றி விசாரித்தால் பதில் போடாமல் அவரிடம் சொல்லுங்கள். அவர் யூனிட்டில் தெரிவிப்பார். ஏற்கெனவே ஏதாவது சொல்லிவிட்டிருந்தாலும் பயந்து மறைக்காதீர்கள். அன்றைக்கே சொன்னால் சரிசெய்ய முடியும்.