என்ஜின் நின்ற பிறகு என்ன நடக்கிறது? சிறு விமான விபத்துகள்: கேள்வி-பதில்

சிறு விமானங்கள், புரொப்பெல்லர் விமானங்கள் ஆகியவற்றில் உயிர்ச்சேதம் ஏற்படும் விபத்துகள் பற்றி வாசகர்கள் கேட்டவை இங்கே. படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பழுதாவது ஒன்று. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதற்கு அடுத்த சில விநாடிகளில் நடக்கும் வேறொன்று.

கே: ஒரே என்ஜின் உள்ள விமானத்தில் அது நின்றுபோனால் விமானம் அப்படியே கீழே விழுந்துவிடுமா?

விழாது. என்ஜின் நின்றாலும் இறக்கை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். செஸ்னா 172 போன்ற விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே போகும். 3,000 அடி உயரத்தில் என்ஜின் நின்றால், காற்றில்லாத நாளில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரம் மிதந்து செல்லலாம். அந்த ரகத்துக்கு உரிய மிதப்பு வேகத்தை (சுமார் 65 முதல் 68 நாட்; ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) விடாமல் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தரையில் இறங்கும்போது உயிர் பிழைப்பதை முடிவு செய்வது வேகமும் நிற்பதற்குக் கிடைக்கும் தூரமும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் விமானம் ஒரே சீராக 3 மீட்டர் தூரத்தில் நின்றால், உள்ளே இருப்பவர்கள் மீது விழும் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 8.4 மடங்கு. தோள்பட்டை வார் போட்டிருந்தால் பெரும்பாலும் தாங்கிவிடலாம். வேகம் இரட்டிப்பானால் அதே விசைக்குள் நிற்க 3 மீட்டர் போதாது, 12 மீட்டர் வேண்டும். ஆகவே வயலோ புதரோ, இறக்கையை மட்டமாக வைத்து, கட்டுப்பாட்டை இழக்காமல், முடிந்தவரை மெதுவாக இறங்குகிறவர் பிழைக்கிறார். ஓடுபாதை வரை எப்படியாவது போய்விடலாம் என்று மூக்கைத் தூக்கித் தூக்கி வேகத்தை இழப்பவர்தான் இறக்கிறார்.

கே: தரையிறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள்? அனுபவமுள்ள விமானிகளும் அதில் சிக்குகிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் (பெரும்பாலான சிறு விமானங்களில் 15 முதல் 18 டிகிரி) மேற்பரப்பில் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும், தூக்குவிசை சரிந்துவிடும். இதுதான் ஸ்டால். இது எந்த வேகத்திலும் நடக்கும். நேராகப் பறக்கையில் 50 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்ந்து திரும்பும்போது 54 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 45 டிகிரியில் கிட்டத்தட்ட 60. 60 டிகிரியில் 71.

இப்போது அந்தக் கடைசித் திருப்பத்தைப் பாருங்கள். பின்காற்று தள்ளுவதால் விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. தரைக்கு அருகில் அதிகம் சாயப் பயந்து, விமானி உட்புற ரட்டரை (வாலில் உள்ள, மூக்கை இடவலமாகத் திருப்பும் சுக்கான்) மிதித்து மூக்கை மட்டும் திருப்பப் பார்க்கிறார். ரட்டரால் வெளி இறக்கை வேகமாகிச் சாய்வு கூடுகிறது; அதைத் தடுக்க எய்லரானை (இறக்கையின் ஓரத்தில் உள்ள, சாய்வை மாற்றும் தகடு) எதிர்ப்புறம் பிடிக்கிறார். மூக்கு தாழ்கிறது, ஸ்டிக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோல்) பின்னால் இழுக்கிறார். மூன்றும் சேர்ந்தால் உட்புற இறக்கை முதலில் ஸ்டால் ஆகி, விமானம் கண் இமைக்கும் நேரத்தில் உள்பக்கமாகப் புரண்டு ஸ்பின்னுக்குள், அதாவது சுழன்றபடி கீழே விழும் நிலைக்குள், போகும். அதிலிருந்து மீளச் சிறு விமானத்துக்கு ஏறக்குறைய 1,000 அடி தேவை. அந்த இடத்தில் கையில் இருப்பதோ 500 அடி. இதனால்தான் அங்கே அனுபவம் கைகொடுப்பதில்லை. மீட்பு முறை தெரிந்திருந்தாலும் அதைச் செய்ய உயரம் இல்லை.

தடுக்கும் வழி ஒன்றே: கோட்டைத் தாண்டிவிட்டால் திருத்த முயலாதீர்கள். ஸ்டிக்கின் இழுப்பைத் தளர்த்தி, இறக்கையை மட்டமாக்கி, த்ராட்டிலை (என்ஜின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) முழுதாகத் தந்து மேலேறி, இன்னொரு சுற்று வாருங்கள்.

கே: மேலெழுந்த உடனே என்ஜின் நின்றால் அதே ஓடுபாதைக்குத் திரும்பலாமா?

குறைந்த உயரத்தில் திரும்பவே கூடாது. 180 டிகிரி திரும்பினால் போதும் என்று தோன்றும். ஆனால் அப்படித் திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்பீர்கள். அதன்மேல் போய்ச் சேர இன்னும் திரும்பி, மறுபடி எதிர்ப்புறம் திரும்ப வேண்டும். என்ஜின் நின்றதை நம்பவே சுமார் 4 விநாடி போய்விடும். மூக்கு ஏறுமுகமாக இருப்பதால் அதற்குள் வேகம் மளமளவென்று குறையும். அந்த நேரத்தில் செங்குத்தாகச் சாய்ந்து திரும்புவது மேலே சொன்ன ஸ்டாலுக்கு நேர்வழி. தப்பித் திரும்பினாலும் பின்காற்றோடு இறங்குவதால் தரையில் வேகம் கூடுதலாக இருக்கும்.

மூக்கை உடனே தாழ்த்துங்கள், வேகம் பிடியுங்கள், நேரே முன்னால், இடவலமாகச் சுமார் 30 டிகிரிக்குள் உள்ள நல்ல இடத்தில் இறங்குங்கள். எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதை உங்கள் விமானத்தில், பாதுகாப்பான உயரத்தில், பயிற்றுநரோடு பறந்து கண்டுபிடித்து, ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கே: அப்படியானால் இரண்டு என்ஜின் இருப்பது இருமடங்கு பாதுகாப்பு அல்லவா?

இரண்டாவது என்ஜினைக் கையாளத் தெரிந்தவருக்கு மட்டும். ஒன்று நின்றால், ஓடுகிற என்ஜின் விமானத்தை ஒரு பக்கமாகத் தள்ளித் திருப்பும். அதை எதிர்ப்பது ரட்டர். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ரட்டருக்கு அந்த வலு இராது; வேகமானியில் அதற்குச் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் விமானம் நின்றுபோன என்ஜினின் பக்கம் புரண்டு தலைகீழாகும். அந்த நிலையில் த்ராட்டிலைக் குறைத்து மூக்கைத் தாழ்த்துவதுதான் மருந்து. மேலேற முடியவில்லையே என்று தவிப்பவர் அதற்கு நேர்மாறாகச் செய்துவிடுவார்.

இன்னொரு பிழை, நல்ல என்ஜினை நிறுத்திவிடுவது. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் புறப்பட்ட டிரான்ஸ்ஏசியா 235 என்ற ஏடிஆர் 72 விமானத்தில், இரண்டாம் என்ஜினின் புரொப்பெல்லர் தானாகவே ஃபெதர் நிலைக்குப் போனது. அதாவது தகடுகள் காற்றோட்டத்துக்கு ஓரம் காட்டி நின்றுவிட்டன, உந்துவிசை போயிற்று. விமானம் அப்போது சுமார் 1,200 அடி உயரத்தில் இருந்தது. தலைமை விமானி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த முதலாம் என்ஜினைக் குறைத்து நிறுத்திவிட்டார். 43 பேர் இறந்தனர். ஒரு என்ஜினோடு அந்த விமானம் நன்றாகவே பறந்திருக்கும். எந்தக் கால் மிதிக்காமல் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க என்ஜின்தான் போனது. அதைச் சொல்லி, அந்த த்ராட்டிலைக் குறைத்துப் பார்த்து எதுவும் மாறவில்லை என்று உறுதிசெய்து, அருகிலிருப்பவரும் ஆமோதித்த பிறகே நிறுத்தும் நெம்புகோலைத் தொட வேண்டும்.

கே: மேகத்துக்குள் போனால் என்ன? கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடலாமே?

கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாதவருக்கு அந்தக் 'கொஞ்ச நேரம்' கிடைப்பதில்லை. 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட 20 விமானிகளை மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் வைத்துச் சோதித்தது. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 விநாடி.

காரணம், சமநிலையை உணரும் காதின் உட்பகுதி. மெதுவாகத் தொடங்கும் சாய்வை அது உணராது. சாய்வு நிலைத்துவிட்டால் நேராகப் பறப்பதாகவே சொல்லும். சாய்ந்த விமானத்தின் மூக்கு தாழும், வேகம் கூடும். விமானி ஸ்டிக்கை இழுப்பார். சாய்ந்த நிலையில் இழுப்பதால் விமானம் சுருளாகக் கீழிறங்கும் பாதை இன்னும் இறுகும். 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய பைப்பர் சரடோகா என்ற சிறு விமானம் கடலில் விழுந்ததற்கு, திசையுணர்வு குலைந்து கட்டுப்பாடு போனதையே புலனாய்வு காரணமாகச் சொன்னது. அங்கே மேகம்கூடத் தேவைப்படவில்லை. இரவு, கடல், புகைமூட்டம் ஆகியவை அடிவானத்தை மறைத்துவிட்டன.

அந்தச் சுருளிலிருந்து மீளும் வரிசை இதுதான்: த்ராட்டிலைக் குறை, இறக்கையை மட்டமாக்கு, அதன் பிறகே மூக்கைத் தூக்கு. தவறி மேகத்துக்குள் போனவர் விநாடிக்கு 3 டிகிரி வீதம் திரும்பினால் ஒரே நிமிடத்தில் வந்த வழியைப் பார்த்திருப்பார். தானோட்டி (ஆட்டோபைலட்) இருந்தால் அதனிடம் ஒப்படைப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

கே: எரிபொருள் தீர்ந்து விழுவது நம்ப முடியாததாக இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருப்பார்கள் அல்லவா?

பார்க்கிற மானியே பொய் சொல்லலாம். 2005 ஆகஸ்ட் 6 அன்று டூனின்டர் நிறுவனத்தின் ஏடிஆர் 72, பலெர்மோ அருகே கடலில் இறங்கி 16 பேர் இறந்தனர். அதில் பொருத்தியிருந்தது ஏடிஆர் 42 ரகத்தின் எரிபொருள் மானி. தொட்டியில் இல்லாத எரிபொருளை அது இருப்பதாகக் காட்டியது. சிறு விமானத்தில் வழி எளிது: புறப்படும் முன் ஏணி போட்டு ஏறி, மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டுப் பாருங்கள். மணிக்கு எத்தனை லிட்டர் எரியும் என்ற கணக்கோடு கடிகாரத்தைப் பாருங்கள். பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் கையிருப்பு என்பது அமெரிக்க விதியின் குறைந்தபட்சம். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வதே நல்லது. தொட்டியில் இருந்தும் என்ஜினுக்குப் போகாமல் நிற்பது தனி வகை. தொட்டி மாற்றும் திருகு தவறான பக்கம் இருப்பதே அதில் பெரும்பாலும் நடப்பது.

கலப்படமும் உண்டு. தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். ஒவ்வொரு நாளின் முதல் பறப்புக்கு முன்பும், ஒவ்வொரு முறை நிரப்பிய பின்பும், எல்லா வடிகால் முனைகளிலும் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். 100 எல்எல் பெட்ரோல் நீல நிறம். பிஸ்டன் என்ஜினுக்கு ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டால், குழாயில் மிஞ்சியிருக்கும் பெட்ரோலில் விமானம் எழுந்து, சற்று மேலே போனதும் என்ஜின் நிற்கும். இரண்டும் கலந்தால் நிறத்தை நம்ப முடியாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். பெட்ரோல் உலர்ந்துவிடும், ஜெட் எரிபொருள் எண்ணெய் வளையமாக நிற்கும்.

கே: 25 டிகிரி வெயிலில் கார்புரேட்டரில் பனி உறைந்தது என்கிறார்கள். சாத்தியமா?

சாத்தியம்தான். பெட்ரோல் ஆவியாவதும் குறுகிய கழுத்தில் காற்று விரிவதும் சேர்ந்து உள்ளே வெப்பத்தை 20 டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். ஈரப்பதம் அதிகமாக இருந்து, த்ராட்டிலும் பாதி மூடியிருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். நிலையான தகடுள்ள புரொப்பெல்லர் என்றால் சுழற்சி எண்ணிக்கை சத்தமில்லாமல் குறையும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் தரும் கட்டுப்பாட்டை முழுதாகத் திறந்துவிடுங்கள், பாதி வேண்டாம். உருகும் தண்ணீர் உள்ளே போகும்போது என்ஜின் இன்னும் மோசமாக உதறும். பயந்து மூடிவிடுகிறவர்கள் என்ஜினை இழக்கிறார்கள், பொறுத்தால் சீராகும்.

கே: எடை கொஞ்சம் கூடினால் அவ்வளவு ஆபத்தா?

எடையோடு வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். 5,000 அடி உயர ஓடுபாதையில் இயல்பு வெப்பம் 5 டிகிரி. அங்கே 30 டிகிரி இருந்தால், கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி வீதம் 3,000 அடி சேரும். விமானம் 8,000 அடியில் இருப்பதைப் போலத்தான் நடந்துகொள்ளும். சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தரும் கருவி) இல்லாத என்ஜின் தன் வலுவில் ஏறக்குறைய கால் பங்கை இழந்திருக்கும். பாதி ஓடுபாதையில் மேலெழும் வேகத்தின் 70 சதவீதம் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

எடை எங்கே இருக்கிறது என்பது இன்னும் கொடியது. 2003 ஜனவரி 8 அன்று ஷார்லட்டில் ஏர் மிட்வெஸ்ட் 5481 விழுந்து 21 பேர் இறந்தனர். எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) கம்பிவடம் பராமரிப்பில் தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்ததால் மூக்கை முழுதாகத் தாழ்த்த முடியவில்லை. எடையும் எல்லையைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. பயணிகளுக்குக் கணக்கில் வைத்திருந்த சராசரி எடை உண்மை எடையைவிடக் குறைவு.

கே: பெரிய புரொப்பெல்லர் விமானங்களில் முக்கியமான ஆபத்து எது?

ஒன்று, பனி உறைவது. 1994 அக்டோபர் 31 அன்று இந்தியானாவின் ரோஸ்லான் அருகே ஓர் ஏடிஆர் 72 விழுந்து 68 பேர் இறந்தனர். உறைநிலைக்குக் கீழும் நீராகவே இருந்த பெரிய துளிகள், பனியை உடைக்கும் ரப்பர் பட்டைக்குப் பின்னால் ஒரு வரப்பாகப் படிந்து எய்லரானைத் தானாகத் திருப்பிவிட்டன. தானோட்டி கடைசி நொடி வரை மாற்றத்தைச் சமாளித்து மறைத்துவிடும். ஆகவே பனியில் அதை அவ்வப்போது விடுவித்துக் கையில் உணர்ந்து பார்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டி, அந்த உயரத்தை விட்டு வெளியேற வேண்டும்.

மற்றொன்று புரொப்பெல்லரின் தகட்டுக் கோணம். 1991 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு எம்ப்ரேயர் 120 விமானத்தில், கட்டுப்பாட்டுப் பெட்டியின் பல்லிணைப்பு தேய்ந்ததால் தகடுகள் பறக்கக் கூடாத தாழ்கோணத்துக்குப் போயின. 23 பேர் இறந்தனர். 2023 ஜனவரி 15 அன்று போகராவில் எட்டி ஏர்லைன்ஸ் விமானத்தில் ஃப்ளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடல்) நெம்புகோலுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த இரு நெம்புகோல்களையும் இழுத்ததில் இரு புரொப்பெல்லர்களும் ஃபெதர் ஆயின. என்ஜின்கள் ஓடிக்கொண்டே இருந்தன, உந்துவிசை மட்டும் இல்லை. 72 பேரும் இறந்தனர். நெம்புகோலைத் தொட்டு, பெயர் சொல்லி, பிறகு நகர்த்துவது. நகர்த்திய பின் மானியைப் பார்ப்பது. அந்தப் பழக்கத்துக்கு அரை விநாடிதான் ஆகும்.

கே: தலைவலி, தூக்கம் வந்தால்?

வெப்பமூட்டி போட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி உறையில் விரிசல் இருந்தால் அது உள்ளே வரும். வெப்பமூட்டியை மூடி, வெளிக்காற்றைத் திறந்து, இறங்குங்கள். 2019 ஜனவரி 21 அன்று ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபுவின் பயணி, கால்பந்து வீரர் எமிலியானோ சலாவின் ரத்தத்தில் அதன் அளவு 58 சதவீதம். அந்த வாயுவைக் காட்ட ஒட்டிவைக்கும், நிறம் மாறும் வில்லையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒலி எழுப்பும் மின்னணுக் கருவியை வையுங்கள்.

கே: நான் வெறும் பயணி. என்னால் ஆவது என்ன?

தோள்பட்டை வார் இருக்கும் இருக்கையில் உட்காருங்கள், அதை இறுக்கமாகப் போடுங்கள். உங்கள் எடையையும் பையின் எடையையும் குறைக்காமல் சொல்லுங்கள். இன்றே போயாக வேண்டும் என்று விமானியை அவசரப்படுத்தாதீர்கள்; மோசமான வானிலையில் புறப்பட்ட எத்தனையோ பறப்புகளுக்குப் பின்னால் அந்த ஒரு வாக்கியம் இருந்திருக்கிறது. தரையில் நிற்கும் புரொப்பெல்லரின் சுழல்வட்டத்துக்குள் போகவே போகாதீர்கள். மேக்னெட்டோவின் (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) தரையிணைப்புக் கம்பி அறுந்திருந்தால், சாவி அணைந்திருக்கும்போதே லேசாக அசைத்தாலும் என்ஜின் உயிர்பெற்று அது சுழலலாம். அவசரமாக இறங்கும் நிலை வந்தால், விமானி சொன்னதும் தரையைத் தொடும் முன்பே கதவின் தாழை விடுவியுங்கள். சட்டம் நெளிந்துவிட்டால் பிறகு கதவு திறக்காது.