கண்மாய்த் தண்ணீரில் மீன் தேடுவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாக்கடைத் தண்ணீரில் நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்கிற அதே முறையில், குளத்துத் தண்ணீரை வைத்து மீனையும் தவளையையும் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர்க் கண்மாயில் ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்துவிட்டதாகப் பேச்சு. விராலும் குறைந்துபோனது. விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் ஊரில் இருக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொடுத்தால் கண்மாயில் உள்ள அத்தனை உயிரையும் சொல்லிவிடுவார்களாமே, உண்மையா? நாங்களே தண்ணீர் எடுக்கலாமா?

முத்துலட்சுமி
மேலூர்

அன்புள்ள முத்துலட்சுமி,

தாராளமாக எடுக்கலாம். ஆனால் ‘அத்தனை உயிரும்’ வேண்டாம். ‘ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கிறதா’ என்ற ஒரே கேள்வியோடு போங்கள். எல்லா மீனையும் பட்டியல் போடும் சோதனை உண்டு. செலவு அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், நம் பக்கத்து அயிரை, உளுவை போன்ற சிறு மீன்களின் மரபணு வரிசை தரவுத்தளத்தில் சரியாகப் பதிவாகியிருக்காவிட்டால், அதன் தூரத்து உறவு மீனின் பெயர் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரில் இல்லாத மீனை ஊர்ப் பதிவேட்டில் எழுதிவிடுவோம். ஒரே இனத்தின் டி.என்.ஏ.வை மட்டும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கித் தேடும் பி.சி.ஆர். சோதனையில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

இந்த வழி மருத்துவத்தில் ஏற்கெனவே பழகியதுதான். மும்பையில் 2001 முதலே சாக்கடைத் தண்ணீரில் போலியோ வைரஸைத் தேடிவருகிறார்கள். பிரான்ஸில் 2008இல் குளத்துத் தண்ணீரை மட்டும் வைத்து அமெரிக்கக் காளைத் தவளை அங்கே புகுந்திருப்பதைக் காட்டினார்கள். கொரோனா காலத்தில் கழிவுநீர்ச் சோதனை உலகம் முழுக்கப் பரவியது. மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு எல்லாவற்றிலும் அதன் டி.என்.ஏ. இருக்கிறது. நம் வெயிலிலும் சூட்டிலும் அது சீக்கிரம் சிதையும். சில நாட்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரம். ஆகவே கிடைக்கிற தடயம் அநேகமாகப் புதியது. ஆனால் மீன் எத்தனை, உயிரோடு இருக்கிறதா செத்ததா என்பதை அது சொல்லாது.

காரியம் கெடுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, கரையில். முதலில் நாளைப் பாருங்கள். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வந்து விழுகிற நாட்களில் எடுக்காதீர்கள். மேலே உள்ள கண்மாய்களின் மீன் தடயமெல்லாம் சேர்ந்து வரும். வரத்து நின்று மூன்று வாரமாவது போகட்டும். மீன்பிடித் திருவிழாவுக்குப் பிறகும் எடுக்கக் கூடாது. பல ஊர்க் கண்மாய்களில் நனைந்த ஊத்தாக் கூடையும் கச்சாவலையும் அன்றைக்கு உங்கள் தண்ணீரில் இறங்கியிருக்கும். திருவிழாவுக்குச் சில வாரம் முன்பு எடுப்பதுதான் நல்லது. அப்போது தண்ணீர் வற்றி மீன் நெருங்கியிருக்கும், தடயமும் அடர்த்தியாக இருக்கும். பின்னால் கூடையில் என்ன விழுந்தது என்று ஒப்பிட்டும் பார்த்துக்கொள்ளலாம். மீன் கழுவும் படித்துறையையும், நீர்க்காகமும் கொக்கும் அடையும் மரத்தடியையும் தவிருங்கள். அவற்றின் எச்சத்தில் வேறு கண்மாய் மீனின் டி.என்.ஏ. இருக்கும்.

மடைப் பக்கம், கலுங்கு, உள்வாய், ஆழமான பகுதி என்று ஐந்தாறு இடம், ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில். தண்ணீருக்குள் இறங்காமல் கழி கட்டிய கோப்பையால் மேல்மட்டத் தண்ணீரை மொள்ளுங்கள். இடத்துக்கு இடம் கையுறையை மாற்றுங்கள். கோப்பை, பாட்டில், இடுக்கி எல்லாவற்றையும் முதல் நாளே பிளீச்சிங் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். கடையில் விற்கும் 4 முதல் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பிறகு காய்ச்சி வடித்த நீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். மிச்சம் ஒட்டியிருந்தால் அது நீங்கள் எடுக்கும் தடயத்தையே அழித்துவிடும். பலர் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று நினைக்கிறார்கள். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.வை அழிக்காது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வாங்கிச் சமைத்த வீட்டுப் பாத்திரம், வாளி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

கண்மாய்த் தண்ணீர் கலங்கலாக இருக்கும். புத்தகத்தில் சொல்லும் 0.45 மைக்ரான் வடிதாள் கால் லிட்டர் போவதற்குள் அடைத்துக்கொள்ளலாம். மண் படியட்டும் என்று தண்ணீரைத் தெளியவைக்காதீர்கள். மீனின் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி 1 முதல் 10 மைக்ரான் அளவுத் துகள்களில்தான் இருக்கிறது. மண்ணோடு அதுவும் அடியில் போய்விடும். 1.2 மைக்ரான் வடிதாள் பயன்படுத்துங்கள். அடைத்தால் அடுத்த தாளைப் போட்டு, மொத்தம் எத்தனை மில்லி வடிந்தது என்று, தாளைப் போட்டுவைக்கும் சிறு மூடிக் குழாயில் எழுதுங்கள். வடிகட்டும்வரை பாட்டில்கள் ஐஸ்பெட்டியில் இருக்கட்டும், அன்றைக்கே முடித்துவிடுங்கள். தாளை உள்பக்கமாக மடித்து, 95 சதவீதத்துக்குக் குறையாத, கலப்படமில்லாத எத்தனாலில் போட்டு மூடுங்கள்.

ஒன்றை மட்டும் எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். காய்ச்சி வடித்த நீர் உள்ள மூடிய பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய்க் கரையில் திறந்து, அதே கோப்பையில் ஊற்றி, அதே கருவியில் வடிகட்டுங்கள். அதில் கெளுத்தி தெரிந்தால் அன்று எடுத்த எதையும் நம்ப முடியாது.

உங்கள் கண்மாய்க்குள் கருவேல மரங்கள் நின்றால் அதையும் ஆய்வகத்துக்குச் சொல்லிவிடுங்கள். கருவேலங்காயின் டானினும் மக்கிய இலைச் சாறும் பி.சி.ஆர். வினையை முடக்கும். மீன் இருந்தும் இல்லை என்றே வரும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. பிரித்தெடுத்த டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால் சமிக்ஞை சுமார் 3.3 சுற்று தாமதமாக வர வேண்டும். அப்படி இல்லாமல் முன்னதாகவே வந்தாலோ, முன்பு இல்லாதது இப்போது தெரிந்தாலோ, தடை இருக்கிறது என்று பொருள். ‘உண்டு, இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொண்டு வராமல், ஒவ்வொரு குழாயின் சுற்று எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பதினெட்டுக் குழாயில் ஒன்றில் மட்டும், அதுவும் நாற்பதை ஒட்டிய சுற்றில் தெரிந்தால் அதை ஆதாரமாகக் கொள்ளாமல் மறுபடி தண்ணீர் எடுங்கள். எல்லாவற்றிலும் இல்லை என்று வந்தாலும், இல்லவே இல்லை என்று ஊரில் சொல்லிவிட வேண்டாம்.

உண்டு என்று உறுதியானால் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் மீன்வளத் துறையிடமும் எழுத்தில் கொடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. காற்றைச் சுவாசிக்கும், அகப்பட்டதைத் தின்னும், ஈரத் தரையில் நெளிந்தே அடுத்த குட்டைக்குப் போகும். ஆனால் விரால் குறைந்ததற்கு அது மட்டும்தான் காரணம் என்று இந்தச் சோதனை நிரூபிக்காது. தண்ணீர் நிற்கும் காலம், குத்தகைக்காரர் விட்ட குஞ்சுகள், கரையோரப் புல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைத்தான் பார்க்கின்றன. நாட்டுக் கெளுத்தித் தாய்க்கும் ஆப்பிரிக்கத் தந்தைக்கும் பிறந்த கலப்பு மீன் அதில் நாட்டுக் கெளுத்தியாகவே தெரியும். ஆகவே திருவிழா அன்று சந்தேகமான கெளுத்தி கிடைத்தால் தலையின் மேல்பக்கமும் பக்கவாட்டும் தெரியப் படம் எடுத்து, வால் துடுப்பில் பட்டாணி அளவு வெட்டித் தனித்தனிக் குழாயில் எத்தனாலில் போட்டு வையுங்கள். மீன் ஒவ்வொன்றுக்கும் கத்தரியை பிளீச்சில் முக்கி அலசிவிட்டு வெட்டுங்கள்.