ஏனோக்கு நூல் மறைக்கப்பட்டதா?

அன்புள்ள ஐயா,

யூதா நிருபத்தின் 14, 15ஆம் வசனங்கள் ஆதாமின் வம்சத்தவரான ஏனோக்கின் தீர்க்கதரிசனத்தை எடுத்துரைக்கின்றன. அது ஏனோக்கு நூலில் உள்ளது என்கிறார்கள். புதிய ஏற்பாடே மேற்கோள் காட்டும் நூலைத் திருச்சபை ஏன் மறைத்தது?

ஜே.

அன்புள்ள ஜே.,

பவுல் கிரேக்கக் கவிஞர்களையும் மேற்கோள் காட்டினார், அதனால் அவை வேதமாகிவிடா என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். எனக்கு அது போதவில்லை. யூதா ஏனோக்கைக் கவிஞராக அல்ல, தீர்க்கதரிசனம் உரைத்தவராகவே காட்டுகிறார். ஆனால் அவர் எழுதிய காலத்தில் யூத வேதத்தின் எல்லை எல்லாருக்கும் ஒன்றாக வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. சாக்கடலருகே உள்ள கும்ரானில், பழைய யூதச் சுவடிகள் கிடைத்த குகைகளுள் 4ஆம் குகையில் ஏனோக்கு நூலின் அரமேயத் துண்டுகள் பதினொரு பிரதிகளிலிருந்து கிடைத்துள்ளன; கும்ரான் குகைகளில் எஸ்தர் புத்தகத்தின் ஒரு துண்டுகூட அகப்படவில்லை.

ஐந்து பகுதிகளைக் கொண்ட இந்நூலின் பழைய பகுதிகள் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆதியாகமம் 6ஆம் அதிகாரம் நான்கே வசனங்களில் சொல்லிக் கடக்கும், மனுஷகுமாரத்திகளை மணந்த தேவகுமாரரின் கதையை, எர்மோன் மலையில் இறங்கிய 200 தூதர்கள், அவர்களுக்குப் பிறந்த இராட்சதர்கள், மனிதருக்கு வாளும் கேடயமும் செய்யக் கற்பித்த அசாசேல் என்ற தூதன் என்று இது விரித்துரைக்கிறது.

பிற்கால யூதப் போதகர்களான ரபீக்கள் இதை வேதமாக ஏற்கவில்லை. கிறிஸ்தவர்களிடையே இழுபறி நீடித்தது. யூதா எடுத்தாண்டதையே சான்றாக்கி, ஆதித் திருச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் இந்நூலுக்காக வாதாடினார். இதை எடுத்தாண்டதனாலேயே யூதா நிருபத்தைப் பலர் ஒதுக்கினர் என்று வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதுகிறார். தேவகுமாரர் என்போர் தூதர்கள் அல்ல, ஆதாமின் மகன் சேத்தின் வம்சத்தாரே என்ற விளக்கத்தை இறையியலாளர் அகஸ்டின் வலியுறுத்தியபின், தூதர் கதைக்கு மேற்கில் ஆதரவு மங்கியது. நூலைக் கண்டித்தவர்கள் உண்டுதான். ஆயினும் படியெடுப்பார் இல்லாமற்போனதே அது வழக்கொழியப் போதுமானதாக இருந்தது என்பது என் கருத்து.

எத்தியோப்பியத் திருச்சபையோ இதை வேதமாகவே ஏற்று, தன் பழைய வழிபாட்டு மொழியான கீயெஸில் படியெடுத்து வந்தது. முழு நூல் இன்று கிடைப்பது அதனால்தான். ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் 1773இல் அதன் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். இதைத் தொலைந்த நூல் என்று விளம்பரம் செய்வோர் எத்தியோப்பியரைக் கணக்கில் கொள்வதேயில்லை.

நூலைப் படிக்கும்போது யூதா நிருபத்தின் 6ஆம் வசனத்தையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் வாசஸ்தலத்தை விட்டு விலகிய தூதர்கள் சங்கிலிகளால் கட்டப்பட்டு இருளில் அடைக்கப்பட்டிருப்பதாக அது சொல்கிறது. ஆதியாகமத்தில் அந்தத் தண்டனை எங்கும் இல்லை. ஏனோக்கின் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.