கைக்கடிகாரத்தை நாமே செய்யலாமா?

கேள்வி: உதிரிபாகங்கள் வாங்கி நானே ஒரு கைக்கடிகாரம் செய்ய ஆசை. கடிகாரத்தை ஓட்டும் உள் இயந்திரமாக எதை வைத்துத் தொடங்கலாம்?

பதில்: சீக்கோவின் என்எச்35. தயங்கவே வேண்டாம். தேய்மானத்தைக் குறைக்க உள்ளே 24 கற்கள், முழுதாக முறுக்கினால் சுமார் 41 மணி நேரம் ஓடும். பொருந்தும் டயல்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது முள் பொருத்தும் வேலைதான். நேரம் மாற்றும் பக்கத் திருகைச் சுற்றி, தேதி மாறியதும் நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12-இல் வையுங்கள். இல்லாவிட்டால் நட்டநடுப் பகலில் தேதி மாறும். நொடி முள்ளின் துளை 0.2 மி.மீ.தான், பூதக்கண்ணாடி இல்லாமல் அதில் இறங்காதீர்கள். அப்புறம் ஸ்டெம், அதாவது அந்தத் திருகை இயந்திரத்தோடு இணைக்கும் மெல்லிய தண்டு. அதைச் சற்று நீளமாகவே வெட்டி, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, ஒவ்வொரு முறையும் கேஸில் (வெளிக்கூட்டில்) பொருத்திப் பாருங்கள். பழைய இயந்திரம் ஒன்றில் முதலில் பழகுவது நல்லது.